பனிச்சிறுத்தையை எண்ணுவதும் காப்பதும்: லடாக், ஸ்பிதி களப்பணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக 2024 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்தது. லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாச்சலப் பிரதேசத்தில் 51, அருணாச்சலப் பிரதேசத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரில் 9. இவற்றில் கேமராவில் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டவை 241 மட்டுமே. மீதியெல்லாம் புள்ளியியல் கணக்கு. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 1,20,000 சதுர கி.மீ. பரப்பில் 13,450 கி.மீ. தூரம் தடயம் தேடி நடந்து, 1,971 இடங்களில் விலங்கு நடந்தால் தானே படமெடுக்கும் கேமரா வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்கள். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் இதை ஒருங்கிணைத்தது. மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியாவும் கூட்டாளிகள்.

இந்த வேலையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் பக்கமே சாய்கின்றன. நல்ல பள்ளத்தாக்காகப் பார்த்துக் கேமரா வைத்தால் கூடும். ஒரே விலங்கின் இரண்டு படங்களை இரண்டு விலங்காக எண்ணினால் கூடும். நரியின் எச்சத்தை (மலத்தை) சிறுத்தையின் கணக்கில் சேர்த்தால் அது இல்லாத இடத்திலும் இருப்பதாக ஆகிவிடும். அதனால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் பாதி வேலை செய்முறை, மீதி இந்தச் சாய்வைத் தடுக்கும் ஏற்பாடு.

அனுமதியும் உடம்பும்

பனிச்சிறுத்தை வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. காப்பகத்துக்குள் கேமரா வைக்கவும் எச்சம் சேகரிக்கவும் அந்தந்த மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். சாங்தாங் போன்ற எல்லைப் பகுதிகளுக்கான நுழைவு அனுமதி தனி. இரண்டையும் கையில் வாங்கிய பிறகு பயணச்சீட்டு எடுங்கள். அதோடு கிராமத் தலைவரிடம், லடாக்கில் 'கோபா' என்பார்கள், நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்த கேமரா காணாமல் போனால் அது திருட்டு மட்டுமில்லை, யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற பயமும்கூட.

லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கியதும் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அதன்பின் படுக்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியோடு வாந்தி இருந்தால் மேலே ஏறாதீர்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த இரவே கீழே இறங்க வேண்டும். உயர நோய்க்கான மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டாகிவிட்டது என்று ஓய்வைச் சுருக்குபவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

தடயம் பார்க்கும் கண்

பனிச்சிறுத்தை நடக்கும் பாதை ஓரளவு ஊகிக்கக்கூடியது. கூர்மையான மலைமுகடு, செங்குத்துப் பாறையின் அடிவாரம், இரண்டு ஓடைகள் சேரும் முனை, கணவாய் ஆகிய இடங்களில் அது அடையாளம் விட்டுச் செல்லும். பின்னங்கால்களால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிப் பிறாண்டிய குழி முதல் தடயம்: ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் குவிந்த மண். முன்தள்ளி நிற்கும் பாறையின் அடிப்பக்கம் சிறுநீர் பீய்ச்சிய கறை இரண்டாவது. மழையும் பனியும் படாத அந்த மூலையில் மூக்கை வைத்தால், பல வாரம் ஆன பிறகும் காட்டமான வாடை அடிக்கும். சில முடிகளும் ஒட்டியிருக்கும். அதே பாறைக்குத் தலைமுறை தலைமுறையாக விலங்குகள் திரும்பி வருவதால் கேமராவுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

காலடித்தடம் சுமார் 9, 10 செ.மீ. நீளம். நகம் பதியாது. ஓநாய், நாய்த் தடங்களில் நகம் தெரியும். வெயிலில் உருகிய பனியில் எந்தத் தடமும் பெரிதாகிவிடும் என்பதால் மதியத்துக்குப் பின் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

எச்சம்தான் ஏமாற்றும். அனுபவசாலிகள் 'இது நிச்சயம் ஷான்' (லடாக்கியில் பனிச்சிறுத்தை) என்று எடுத்துவந்த எச்சங்களில் கணிசமானவை டிஎன்ஏ சோதனையில் செந்நரி என்று வருவது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. எச்சத்தை வைத்து இரை என்ன என்று ஆராயப் போகிறீர்கள் என்றால், ஆய்வகச் சோதனை இல்லாமல் அந்த முடிவை எழுதக் கூடாது. சேகரிக்கும்போது கையுறை கட்டாயம். ஊனுண்ணிகளின் எச்சத்தில் மனிதருக்குத் தொற்றும் நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம். எச்சத்தின் வெளிப்புறத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட குப்பியில் வைத்து, தேதி, ஜிபிஎஸ் புள்ளி, உயரம் எழுதுங்கள். குடலின் செல்கள் ஒட்டியிருப்பது மேற்பரப்பில்தான். நடுப்பகுதியில் இரையின் முடியும் எலும்புமே இருக்கும். பழையதாகி வெளுத்த எச்சத்தில் டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்திருக்கும். அதை விட்டுவிடலாம்.

எங்கே எத்தனை கேமரா

முதல் கேள்வி பரப்பு. மங்கோலியாவின் தோஸ்த் மலையில் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்தபோது ஓர் ஆணின் நடமாட்டப் பரப்பு சராசரியாக 207 சதுர கி.மீ., பெண்ணுடையது 124 சதுர கி.மீ. என்று தெரிந்தது. 100 சதுர கி.மீ. பள்ளத்தாக்கு ஒன்றில் இருபது கேமராவை நெருக்கி வைத்தால், வந்துபோகிற விலங்குகளையெல்லாம் அங்கேயே குடியிருப்பவையாக எண்ணிவிடுவோம். குறைந்தது 500 சதுர கி.மீ., முடிந்தால் 1,000-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பரப்பை வரைபடத்தில் கட்டங்களாகப் பிரித்து, கிராமத்தாரின் பேட்டியையும் தடயக் கணக்கையும் வைத்து நல்ல இடம், நடுத்தரம், மோசம் என்று தரம் பிரியுங்கள். மூன்று வகையிலும் கேமரா வைக்க வேண்டும். மோசமான கட்டத்தில் இரண்டு மாதம் கேமரா வைத்துவிட்டு ஒரு படமும் இல்லாமல் திரும்புவது மனதுக்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலியான நினைவக அட்டைதான் மாநிலக் கணக்கை நேராக்குகிறது. இமாச்சலில் பத்து இடங்களில் இப்படித் தரம் பிரித்துச் செய்தபோது அடர்த்தி 100 சதுர கி.மீ.-க்கு 0.08 முதல் 0.37 வரை மாறியது. சிறந்த இடத்தை மட்டும் பார்த்து மாநிலம் முழுக்கப் பெருக்கியிருந்தால் விடை எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கேமராக்களைச் சுமந்துபோய் வைத்தவர்களில் முக்கியமானவர்கள் இமாச்சலின் ஸ்பிதியில் உள்ள கிப்பர் கிராமத்து இளைஞர்கள்.

கட்டத்துக்குள் வந்த பிறகு எந்தப் பாறை என்பதில் தயக்கமே வேண்டாம். இருப்பதிலேயே சிறந்த தடயம் உள்ள இடம்தான். ஒரு பெண் சிறுத்தையின் பரப்புக்குள் இரண்டு மூன்று கேமராவாவது விழும்படி இடைவெளி இருக்கட்டும். 3 முதல் 5 கி.மீ. பெரும்பாலும் சரிவரும். 40 கேமரா, 60 நாள் என்றால் 2,400 கேமரா இரவுகள். 90 நாளைத் தாண்ட விடாதீர்கள். அதற்குள் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு எல்லாம் புகுந்துவிடும். கணக்கோ அந்தக் காலத்தில் எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு நடக்கிறது.

ஒரு கேமராவைப் பொருத்தும் முறை

இங்கே கட்டுவதற்கு மரம் கிடையாது. கற்களை அடுக்கி ஒரு சிறு மேடை கட்டி, நடுவில் இரும்புக் கழி ஒன்றைச் செருகி அதில் கேமராவைப் பூட்டுங்கள். லென்ஸின் உயரம் தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ.; அதாவது விலங்கின் விலாப்பக்கம். பாதையிலிருந்து தூரம் 3 முதல் 4 மீட்டர். பாதைக்குச் செங்குத்தாக வைக்காமல் சுமார் 45 பாகை சாய்த்து வையுங்கள். குறுக்கே பார்த்தால், உணரி விழித்துப் படம் எடுப்பதற்குள் விலங்கின் வால் மட்டும் மிஞ்சும்.

முகம் வடக்கு நோக்கி இருப்பது நல்லது. கிழக்கு, மேற்கில் வைத்தால் காலை மாலை வெயில் நேராக லென்ஸில் விழும். எதிரே வெயிலில் சூடாகும் பாறைச் சுவரும் கூடாது. இந்த உணரிகள் வெப்பநிலை வேறுபாடு நகர்வதைத்தான் பார்க்கின்றன. சூடான பாறையின் மேல் காற்று அலைந்தால் வெறும் படமாக ஆயிரக்கணக்கில் குவிந்து அட்டை நிரம்பிவிடும். பார்வைக்குள் ஆடும் புல்லைப் பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண அல்கலைன் பேட்டரி மைனஸ் 20 பாகையில் ஏறக்குறையப் படுத்துவிடும். லித்தியம் ஏஏ பேட்டரி அந்தக் குளிரிலும் ஓடும். இரண்டையும் ஒரே கேமராவில் கலந்து போடக் கூடாது. ஒவ்வொரு தூண்டலுக்கும் மூன்று முதல் ஐந்து படம், நடுவே இடைவெளி இல்லாமல். தேதியும் நேரமும் எல்லாக் கேமராவிலும் ஒரே கைக்கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். ஆண்டு தவறாகப் பதிந்த அட்டையைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

கிளம்பும் முன் ஒருவர் கையும் காலும் ஊன்றி அந்தப் பாதையில் தவழ்ந்து போக வேண்டும். நின்று நடந்து சோதித்தால் கேமரா மனித உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். பாதை அகலமாக இருந்தால் மறுபக்கம் நாலு கல்லை வைத்துச் சற்றுக் குறுக்குங்கள். கடைசியாக இடத்தின் பெயர், கேமரா எண், தேதி எழுதிய பலகையை லென்ஸ் முன் காட்டி ஒரு படம்.

கெட்டுப்போகும் வழிகள் பல: யாக்கும் கழுதையும் முதுகைத் தேய்த்துக் கேமராவைத் திருப்பிவிடும், சரிவில் வைத்தது பனியில் புதையும், கற்குவியல் உறைந்து உருகி உட்காரும். ஒரு மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசனைத் தூண்டில் வேண்டாம். சில விலங்குகள் அதற்காகவே வரும், சில ஒதுங்கும்; இரண்டும் கணக்கைக் கோணலாக்கும்.

படத்திலிருந்து எண்ணுக்கு

ஒவ்வொரு பனிச்சிறுத்தையையும் அதன் உடம்புப் புள்ளிகளின் வடிவத்தை வைத்தே தனியாக அடையாளம் காண்கிறோம். வலது விலாவின் புள்ளிகள் வேறு, இடது விலாவின் புள்ளிகள் வேறு. பாதையின் இரு பக்கமும் கேமரா வைக்க வசதி இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கப் படங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். விலாவோடு நெற்றி, முன்னங்காலின் வெளிப்புறம், வாலின் மேற்பகுதி ஆகியவையும் உதவும். அடர்ந்த முடி கலைந்தால் புள்ளியின் வடிவம் மாறித் தெரியும், ஆகவே ஒரு புள்ளியை வைத்து முடிவு செய்யக் கூடாது. குறைந்தது மூன்று புள்ளிகள் ஒன்றுக்கொன்று இருக்கும் நிலையோடு சேர்ந்து பொருந்த வேண்டும். 'இது புதிய விலங்கு' என்று சொல்லவும் அதே கண்டிப்பு வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், உயிரியல் பூங்காக்களில் வளரும் 16 பனிச்சிறுத்தைகளின் கேமராப் படங்களை எட்டுப் பேரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். பதிவுகளில் 12.5 விழுக்காடு தவறாகப் பிரிக்கப்பட்டது. அந்தச் சிறு பிழையால் எண்ணிக்கை சராசரியாக மூன்றில் ஒரு பங்கு ஊதிப்போனது. இருக்கும் விலங்கை இரண்டாக உடைப்பதுதான் அதிகம் நடந்தது. ஆகவே இருவர், ஒருவர் மற்றவரின் விடையைப் பார்க்காமல், முழுத் தொகுப்பையும் பிரிக்கட்டும். ஒத்துப்போகாத படத்தை மூன்றாமவர் பார்க்கட்டும். அப்போதும் தெளியாவிட்டால் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி. தாயோடு திரியும் குட்டிகளைப் பெரியவற்றின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிறகு இடம்சார் பிடிப்பு–மறுபிடிப்புக் கணக்கு. எந்த விலங்கு, எந்தக் கேமராவில், எந்த நாளில் என்ற அட்டவணையைக் கொடுத்தால், விலங்கின் நடமாட்ட மையத்திலிருந்து தூரம் கூடக் கூடப் படத்தில் விழும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பதை வைத்து அது அடர்த்தியைத் தரும். ஆர் நிரல்மொழியில் இதற்கான இலவசத் தொகுப்புகள் உள்ளன. ஒரே விலங்கு மறுபடி பதிவானது மொத்தம் இருபது தடவையாவது இல்லாவிட்டால் விடையின் பிழை வரம்பு மிக அகலமாக வரும். அகலமாக வந்தால் அகலமாகவே எழுதுங்கள். நடுவில் உள்ள ஒற்றை எண்ணை மட்டும் பத்திரிகைக்குக் கொடுப்பது இந்தத் துறையின் நெடுநாள் வியாதி.

இரையையும் எண்ண வேண்டும்

பாரல் (நீல ஆடு), ஐபெக்ஸ் என்ற காட்டு மலையாடுகள் இல்லாத மலையில் பனிச்சிறுத்தை நிலைக்காது. தோஸ்த் ஆய்வில் ஒரு சிறுத்தை சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு குளம்பு விலங்கை அடித்தது. காட்டு இரையைவிடக் கால்நடை பல மடங்கு அதிகம் மேய்ந்த இடம் அது. இருந்தும் அடித்தவற்றில் 73 விழுக்காடு காட்டு விலங்குகள், 27 விழுக்காடு கால்நடை.

மலையாடுகளை எண்ண இரட்டைப் பார்வையாளர் முறை நன்றாக உதவும். 2024-இல் தமிழ்நாட்டில் வரையாடு கணக்கெடுப்பிலும் இதைப் பயன்படுத்தினார்கள். இருவர் ஒரே பாதையில் 15 நிமிட இடைவெளியில், ஒருவருக்கொருவர் சைகைகூடக் காட்டாமல் நடக்க வேண்டும். கண்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடம், நேரம், மொத்த எண்ணிக்கை, அதில் கிடா, பெட்டை, குட்டி எத்தனை என்று குறிக்க வேண்டும். மாலையில் குறிப்பேடுகளைப் பக்கத்தில் வைத்து எந்தக் கூட்டம் இருவர் கண்ணிலும் பட்டது என்று பிரியுங்கள்.

இருவரும் கண்டவை 12, முதலாமவர் மட்டும் கண்டவை 4, இரண்டாமவர் மட்டும் கண்டவை 3 என்று வையுங்கள். முதலாமவர் கண்டது மொத்தம் 16, இரண்டாமவர் கண்டது 15. இரண்டோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 17 × 16 = 272. இருவரும் கண்டதோடு ஒன்று கூட்டி, 13-ஆல் வகுத்தால் 20.9. அதில் ஒன்றைக் கழித்தால் 19.9, அதாவது 20 கூட்டங்கள். கண்ணில் பட்டவை 19, தவறியது ஒன்று. சராசரிக் கூட்டம் 11 தலை என்றால் ஏறத்தாழ 220 ஆடுகள். முன்னால் போனவர் கூட்டத்தை விரட்டிவிட்டாலோ, பின்னால் வந்தவர் முன்னவர் நின்று பார்த்த திசையையே பார்த்தாலோ இந்தக் கணக்கு குலைந்துவிடும்.

பட்டிக்குக் கூரை

இனி பாதுகாப்பு. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தருவது ஆட்டுப்பட்டியின் கூரை. இரவில் திறந்த பட்டிக்குள் குதித்த பனிச்சிறுத்தை ஓர் ஆட்டைக் கொன்று தூக்கிப் போவதில்லை. மிரண்ட ஆடுகள் தப்ப வழியில்லாமல் சுற்றிச் சுற்றி ஓட, ஓட்டமே அடுத்த அடியைத் தூண்டுகிறது. விடிவதற்குள் பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேல். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அப்படியே போனால் கோபம் வராமல் இருக்குமா? உலக அளவில் கொல்லப்படும் பனிச்சிறுத்தைகளில் பாதிக்கு மேல் கால்நடையை அடித்ததற்குப் பழிவாங்கலாகவே கொல்லப்படுகின்றன என்று வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் 2016 அறிக்கை மதிப்பிட்டது.

லடாக்கின் பட்டி பொதுவாகச் சாந்து பூசாத கற்சுவர். சரிவான நிலத்தில் மேல்பக்கச் சுவர் உள்ளே ஆள் உயரம் இருந்தாலும் வெளியே முழங்கால் உயரம்தான் இருக்கும். சிறுத்தை வருவது அந்தப் பக்கம். அங்கே சுவரை உயர்த்துங்கள். பிறகு பாப்லர் மரக்கழிகளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் கம்பிவலையை விரித்து, ஒரு வலையின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும்படி கம்பியால் தைத்து, விளிம்பைச் சுவரின் மேல் வரிசைக் கல்லுக்கு அடியில் செருக வேண்டும். பனி அதிகம் விழும் ஊரில் நடுவே தாங்குகழி இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே வலை தொய்ந்து இறங்கும். காற்றுக்காக விட்ட சுவர் ஓட்டைகளுக்கும் வலை தேவை. கதவு, சட்டம் போட்டு இறுக மூடுவதாக, அடியில் கை நுழையும் சந்துகூட இல்லாததாக இருக்கட்டும். கூரை பிரமாதமாக இருந்து கதவுச் சந்து வழியாக விலங்கு நுழைந்த பட்டிகள் உண்டு.

வலை, கழி, கதவு வெளியிலிருந்து. கல், மண், உழைப்பு குடும்பத்திலிருந்து. லடாக்கில் நன்றாக ஓடிய பங்கீடு இதுதான். முழுக்க இலவசமாகக் கட்டிக் கொடுத்தால் கிழிந்த வலையை யாரும் தைக்க மாட்டார்கள். ஊருக்குள் எல்லாப் பட்டிக்கும் கூரை போட்டுவிட்டுக் கோடைக்கால மேய்ச்சல் முகாமை மறப்பது வழக்கமான பிழை. அங்கேதான் பட்டி இன்னும் பலவீனம், ஆளும் குறைவு.

பகலில் மேய்ச்சலில் நடக்கும் இழப்புக்குக் கூரை உதவாது. அதற்குக் காப்பீடு இருக்கிறது. ஸ்பிதியின் கிப்பரில் கிராமத்தாரே குழு அமைத்து நடத்தும் கால்நடைக் காப்பீடு 2002 வாக்கில் தொடங்கியது. தலைக்கு இவ்வளவு என்று சந்தா. இழப்பைச் சரிபார்ப்பதும் பணம் கொடுப்பதும் ஊர்க்குழு. பக்கத்து வீட்டுக்காரரே சரிபார்ப்பதால் பொய்க் கணக்கு எடுபடாது. சரிபார்க்கும்போது தொண்டைப் பகுதித் தோலை உரித்துப் பாருங்கள். பல் பதிந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடிக்கப்பட்டது. கட்டவில்லை என்றால் ஏற்கெனவே செத்ததைத் தின்றிருக்கிறது. தொண்டையில் ஆழமான நாலு பல் தடம் பூனைக்குடும்பத்தின் வேலை. தொடையிலும் வயிற்றிலும் கிழிசல் கிழிசலாக இருந்தால் ஓநாயோ நாயோ.

செத்த ஆட்டை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் பசியோடு இருக்கும் சிறுத்தை அடுத்த ஆட்டைத் தேடும். ஆனால் அதில் விஷம் வைக்காமல் பார்த்துக்கொள்ள யாராவது பொறுப்பேற்க வேண்டும். விஷம் வைத்த ஒரு சடலம் கழுகுகளையும் நரிகளையும் சேர்த்துக் கொல்லும். பணம் அன்றைக்கே வராவிட்டாலும், குழு அன்றைக்கே வந்து பார்ப்பது அந்த வீட்டின் கோபத்தைப் பாதி தணிக்கும்.

நாய்களும் கேமராக்காரர்களும்

இன்றைய லடாக், ஸ்பிதியில் தெருநாய் பெரிய பிரச்சினை. ராணுவ முகாம், ஹோட்டல்களின் உணவுக் கழிவில் பெருகி, கூட்டமாக மலையேறி பாரலை விரட்டுகின்றன, சிறுத்தையை அதன் இரையிலிருந்து துரத்துகின்றன. ஆடுகளையும் கொல்கின்றன, பழி சிறுத்தை மேல் விழுகிறது. கருத்தடை மட்டும் செய்து குப்பையைத் திறந்து போட்டால் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ரும்பக் பள்ளத்தாக்கில் வீட்டுத் தங்கல் மூலம் வரும் வருமானம், சிறுத்தையைப் பற்றிய ஊராரின் எண்ணத்தை மாற்றியது உண்மை. அதே சுற்றுலா எல்லை மீறினால் தொல்லை. இரையை அடித்த சிறுத்தை பல நாள் அதன் பக்கத்திலேயே இருக்கும். அப்போது அதற்கும் பாறைச்சரிவுக்கும் நடுவே மனிதர் நிற்கக் கூடாது. எதிர்ச்சரிவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பாருங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். மே, ஜூனில் குட்டி போடும் காலத்தில் குகை தேடி அலைவதும் அப்படியே.

படத்தை இணையத்தில் போடும் முன் கோப்பிலுள்ள இடக்குறியை நீக்குங்கள். பள்ளத்தாக்கின் பெயருக்குப் பதில் மாவட்டத்தின் பெயர் போதும். பின்னணியில் அடையாளம் தெரியும் முகடு இருந்தால் வெட்டிவிடுங்கள். ஆய்வு அறிக்கையிலும் கேமரா வைத்த புள்ளிகளை அச்சிடாமல், அடர்த்தியை மட்டும் பெரிய கட்டங்களாகக் காட்டுங்கள். முழுத் தரவின் ஒரு பிரதி வனத்துறைக்கு. படங்களின் அச்சுப் பிரதி, பெயர் எழுதி, கேமரா வைக்க இடம் தந்த கிராமத்துக்கு.